டிஸ்க் வளைஞ்சிருச்சா? மாத்துறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க

முன் பிரேக்கைப் பிடிச்சா லீவர் விரலைத் திருப்பித் திருப்பித் தட்டுது. இல்லைன்னா ஹேண்டில் லேசா உதறுது. இதோட எந்தப் பட்டறைக்குப் போனாலும் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான் வரும்: "டிஸ்க் பெண்டு. மாத்திரணும்."

சில சமயம் அது உண்மை. ஆனா கொஞ்ச வருஷமா சொந்தக்காரங்க, நண்பர்கள் பைக்கை எல்லாம் டயல் கேஜ் வச்சு அளந்து ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு வர்றேன். "பெண்டு"ன்னு தீர்ப்பான டிஸ்குகள்ல நிஜமாவே வளைஞ்சது கம்மி. கோளாறு பெரும்பாலும் டிஸ்கைச் சுத்தி இருக்கிற சின்னச் சின்ன விஷயத்துலதான் இருந்துச்சு. புதுக்கோட்டை மாவட்டத்து ரோட்டுக்கும், மண்ணுக்கும், கடல் காத்துக்கும், நம்ம வாட்டர் சர்வீஸ் பழக்கத்துக்கும் இதுல பங்கு உண்டு. அதைத்தான் இங்க எழுதுறேன்.

காசு மட்டும் பிரச்சினை இல்லை. ஹேண்டில் உதறுற பைக்கை ஓட்டுறவர் என்ன செய்வார்? முன் பிரேக்கைத் தொடவே மாட்டார். "முன் பிரேக் பிடிச்சா தூக்கி அடிச்சிரும்"ங்கிற பயம் நம்ம ஊர்ல ஏற்கெனவே இருக்கு. அதோட இதுவும் சேர்ந்தா பின் பிரேக் மட்டும்தான் மிச்சம். காய்ந்த ரோட்டில் 60 கி.மீ. வேகத்தில் போற பைக், ரெண்டு பிரேக்கையும் ஒழுங்கா பிடிச்சா சுமார் 20 மீட்டரில் நிக்கும். பின் பிரேக் மட்டும்னா கிட்டத்தட்ட 40 மீட்டர். குறுக்கே ஒரு ஆடோ, சைக்கிள்ல வர்ற பள்ளிக்கூடப் பிள்ளையோ வந்தா, அந்த 20 மீட்டர் வித்தியாசம்தான் எல்லாம்.

சூட்டுல வளையுமா?

"சூடாகி வளைஞ்சிருச்சு" என்பது அடிக்கடி கேட்கிற விளக்கம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

பைக் 150 கிலோ, ஓட்டுறவர் 70, பின்னாடி உட்கார்ந்திருக்கிறவர் 60. மொத்தம் 280 கிலோ. 60 கி.மீ. வேகம்னா நொடிக்கு 16.7 மீட்டர். இந்த ஓட்டத்தில் இருக்கிற ஆற்றல் சுமார் 39,000 ஜூல். பிரேக் பிடிக்கும்போது இது அத்தனையும் சூடா மாறணும். முன் பிரேக் அதில் 70 சதவீதம் வாங்கிக்குதுன்னு வைங்க: சுமார் 27,000 ஜூல். டிஸ்க் ஒரு கிலோ எடை, ஒரு கிலோ எஃகை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 460 ஜூல் வேணும். வகுத்தா ஏறக்குறைய 59 டிகிரி வரும்.

அதாவது 60-லிருந்து ஒரு தடவை முழுசா நிறுத்தினா டிஸ்க் ஏறக்குறைய 60 டிகிரி ஏறும். அடுத்த பிரேக்குக்குள்ள காத்து அதை ஆத்திடும். கையால தொட்டா சுடும், நிச்சயம். ஆனா எஃகு வளையுற சூடு இது இல்லை. நம்ம மாவட்டம் பெரும்பாலும் சமதளம். திருச்சி ரோட்டிலும் தஞ்சாவூர் ரோட்டிலும் மணிக்கணக்கா பிரேக்கை அழுத்திக்கிட்டே இறங்க வேண்டிய இடம் கிடையாது.

கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவு உள்ள இடத்துக்குப் போனா கதை வேற. அங்கேயும் முதல்ல கைவிடுறது டிஸ்க் இல்லை, பிரேக் ஆயில். அதைப் பின்னாடி பார்ப்போம். டிஸ்க் நீலம் பாரிச்சிருந்தா மட்டும் பல நூறு டிகிரி சூடு கண்டிருக்குன்னு அர்த்தம். அப்பவும் "ஏன் அவ்வளவு சூடாச்சு"ன்னுதான் கேட்கணும். பேட் விடாம உரசிக்கிட்டே இருந்திருக்கும்.

டிஸ்க் என்ன இரும்புன்னு ஒரு வேடிக்கையான சோதனை இருக்கு. வீட்டு எவர்சில்வர் பாத்திரம் பலதில் காந்தம் ஒட்டாது. பைக் டிஸ்கில் ஒட்டும். ரெண்டும் துருப்பிடிக்காத எஃகுதான். ஆனா டிஸ்குக்கு குரோமியம் சேர்த்து, சூடாக்கிக் கடினப்படுத்தக்கூடிய வகையைப் பயன்படுத்துறாங்க. கார் டிஸ்க் வார்ப்பிரும்பு. மழையில் ஒரு ராத்திரி நின்னாலே செம்பழுப்பாகிடும். பைக் டிஸ்க் வெளியில் கண்ணுக்குத் தெரியுற மாதிரி இருக்கிறதால இந்த எஃகு.

லீவர் தட்டுறதுக்கு உண்மையான காரணம்

இதுதான் இந்தக் கட்டுரையோட மையம், கொஞ்சம் பொறுமையா படிங்க.

நம்ம ஊர்ல ஓடுற பெரும்பாலான பைக்கில் இருக்கிறது நகரும் காலிப்பர். பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும்தான். லீவரை அழுத்தினா பிஸ்டன் ஒரு பேடை டிஸ்க் மேல தள்ளும். அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுசுமே ரெண்டு பின்னில் வழுக்கி நகர்ந்து, மறுபக்கத்து பேடையும் இழுத்து அழுத்தும். கையை விட்டதும் பிஸ்டன் எப்படித் திரும்பி வருது? உள்ளே ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுத்தி சதுர வெட்டுள்ள ஒரு ரப்பர் சீல் இருக்கு. பிஸ்டன் வெளியே போகும்போது அது லேசா முறுங்கும்; அழுத்தம் போனதும் நிமிர்ந்து, பிஸ்டனைத் துளியூண்டு உள்ளே இழுக்கும். அவ்வளவுதான்.

இப்ப டிஸ்க் கொஞ்சம் கோணலா சுத்துதுன்னு வைங்க. பின் நல்லா வழுக்கினா, காலிப்பரும் டிஸ்கோட சேர்ந்து இடம் வலமா அசைஞ்சு கொடுக்கும். பிஸ்டன் உள்ளே தள்ளப்படாது. அதனால லீவருக்குப் பெருசா எதுவும் தெரியாது. ஆனா டிஸ்க் ஒரு இடத்தில் தடிமனாவும் இன்னொரு இடத்தில் மெல்லிசாவும் இருந்தா? தடித்த இடம் பேடுகளுக்கு நடுவுல வரும்போதெல்லாம் பிஸ்டன் பின்னால தள்ளப்படும். ஆயில் திரும்பி வரும். லீவர் விரலைத் தட்டும். சக்கரம் ஒரு சுத்துக்கு ஒரு தட்டு.

ஆக, லீவர் தட்டுதுன்னா முதல் சந்தேகம் வளைவு மேல இல்லை, தடிமன் வித்தியாசத்து மேல. ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வித்தியாசமே விரலுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாது. இந்த வித்தியாசம் ரெண்டு வழியில் வரும். ஒண்ணு, டிஸ்க் ஒரே இடத்தில் பேடில் லேசா உரசி உரசி அங்கே மட்டும் தேயுறது. ரெண்டு, பேடோட பொருள் டிஸ்கில் திட்டுத் திட்டா ஒட்டுறது. சூடான பிரேக்கோட சிக்னலில் லீவரை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே நின்னா, பேட் அளவுக்கு ஒரு அச்சு பதிஞ்சிடும்.

பின் இறுகிப்போனா நிலைமை இன்னும் மோசம். காலிப்பர் அசைஞ்சு கொடுக்காது. சின்னக் கோணல்கூட பிஸ்டனைத் தள்ள ஆரம்பிச்சிடும். புதுசு மாதிரி இருக்கிற டிஸ்க்கூட "பெண்டு" பட்டம் வாங்கிடும்.

ஒரு விதிவிலக்கு: ஏபிஎஸ் பைக்கில் பலமா பிரேக் பிடிக்கும்போது மட்டும் லீவர் படபடன்னு அடிச்சா, அது ஏபிஎஸ் வேலை செய்யுற அடையாளம். கோளாறு இல்லை. 2019 ஏப்ரல் 1-லிருந்து 125 சிசிக்கு மேல விற்கிற எல்லா புது பைக்கிலும் ஏபிஎஸ் கட்டாயம், அதனால இந்தக் குழப்பம் இப்ப ஜாஸ்தி.

நம்ம ஊர் எதிரிகள்

முதல் எதிரி டீசல். வாட்டர் சர்வீஸ் முடிஞ்சதும் பளபளப்புக்காக வண்டி பூரா டீசலோ மண்ணெண்ணெயோ அடிச்சு விடுற வழக்கம் இன்னும் இருக்கு. அது டிஸ்கிலும் பேடிலும் படும். பேட்ல நுண்ணிய துளைகள் உண்டு. எண்ணெய் அதுக்குள்ள ஊறிடும். அடுத்த தடவை பிரேக் பிடிச்சா வழுக்கும், பிறகு திட்டுத் திட்டா பிடிக்கும், கீச்சுன்னு கத்தும். "பேடைத் தீயில காட்டினா சரியாயிடும்"னு சொல்வாங்க. ஆகாது. ஊறின எண்ணெய் முழுசா வராது, பேடை ஒட்ட வச்சிருக்கிற பிசின்தான் கருகும். ஊறின பேடைத் தூக்கிப் போட வேண்டியதுதான். சர்வீஸுக்கு விடும்போதே "அண்ணே, டீசல் வேணாம், தண்ணி மட்டும் போதும்"னு சொல்லிடுங்க. செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போதும் பின் டிஸ்கை ஒரு அட்டை வச்சு மறைங்க.

ரெண்டாவது, செம்மண்ணும் கிரஷர் தூசியும். குவாரி இருக்கிற பக்கம் டிப்பர் லாரிக்குப் பின்னாடியே போறவங்களுக்குத் தெரியும். அந்தக் கல்தூள் பேடில் பதிஞ்சா உப்புத்தாள் மாதிரி டிஸ்கை வட்டம் வட்டமா கீறும். முதல் மழையில் செம்மண் குழைஞ்சு டிஸ்க் ஓட்டைகளை அடைக்கும். தண்ணியும் பேட் தூளும் வழிஞ்சு போகத்தான் அந்த ஓட்டைகளே. ஒரு ஈர்க்குச்சி போதும், குத்தி எடுத்துடலாம்.

மூணாவது, உப்பு. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடுற பைக்கில் டிஸ்க் பளிச்சுன்னு இருக்கும். காலிப்பர் பின்னும் போல்ட்டும் துருவேறி இருக்கும். உப்பு காலிப்பரை என்ன செய்யும்ங்கிறதுக்கு உலகறிந்த உதாரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கு. 2020-ல் ராயல் என்ஃபீல்டு, பிரிட்டன், ஐரோப்பா, தென்கொரியாவில் ஓடின இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜிடி, ஹிமாலயன் பைக்குகளில் 15,200 வரை காலிப்பர் சரிபார்ப்புக்காகத் திரும்ப அழைச்சது. குளிர்காலத்தில் பனி உருக ரோட்டில் போடுற சில வகை உப்பு காலிப்பரை அரிச்சு, பிரேக் விடாம இழுத்துக்கிட்டு நிக்கலாம்ங்கிறதுதான் காரணம். நம்ம கடற்கரையில் அந்த அளவு உப்பு ரோட்டில் இல்லை. ஆனா வருஷம் பூரா காத்தில் இருக்கு.

நாலாவது, பஞ்சர் கடைத் தரை. டிஸ்க் நிஜமாவே வளையுறது பெரும்பாலும் இப்படி அடிபட்டுத்தான். டயரைக் கழட்ட சக்கரத்தை டிஸ்க் பக்கம் கீழே வச்சு, மேல ஏறி மிதிச்சு லீவர் போடுறாங்க. மொத்த எடையும் நாலைஞ்சு மில்லிமீட்டர் தகட்டுல. டிஸ்க் மேல் பக்கம் இருக்கணும். அது முடியாதுன்னா கீழே ஒரு பழைய டயர் போடச் சொல்லுங்க. டிஸ்க் லாக்கைக் கழட்டாம வண்டியை எடுக்கிறது, டெம்போவில் ஏத்தும்போது டிஸ்கில் கயிறு கட்டுறது, ரெண்டும் இதே வகை.

எந்த வரிசையில் பார்க்கிறது

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன் சக்கரம் தரையை விட்டுத் தூக்கி இருக்கணும். சைடு ஸ்டாண்டில் இந்த வேலை வேணாம்.

1. சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா பேரிங். ஃபோர்க்கைப் பிடிச்சு முன்னும் பின்னும் இழுங்க. டக்குன்னு அடிச்சா கோன் செட். லீவர் தட்டாம ஹேண்டில் மட்டும் உதறினா காரணம் பெரும்பாலும் இந்த ரெண்டில், இல்லைன்னா டயரில் இருக்கும்.

2. கையால சக்கரத்தைச் சுத்தி விடுங்க. பிரேக்கை ஒரு தடவை பிடிச்சு விட்டுட்டு மறுபடி சுத்துங்க. முன்னை விட இறுக்கமா இருந்தா பிஸ்டனோ பின்னோ மாட்டுது.

3. ரெண்டு பேடையும் ஒப்பிடுங்க. ஒண்ணு தேய்ஞ்சு இன்னொண்ணு அப்படியே இருந்தா, முதல்ல பின்னைச் சந்தேகப்படுங்க. கரகரன்னு இரும்போட இரும்பு உரசுற சத்தம் கேட்டா பேட் காலி. அதுக்கு மேல ஓட்டாதீங்க.

4. டிஸ்கைப் பாருங்க. ஓட்டையிலிருந்து விரிசல் இருந்தா பேச்சே இல்லை, மாத்தணும். நகம் மாட்டுற அளவு ஆழமான கீறல் இருந்தாலும் அப்படியே.

5. தடிமனை அளங்க. குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவுன்னு டிஸ்கிலேயே ஆங்கிலத்தில் பொறிச்சிருக்கும். புதுசில் 4 மி.மீ. இருக்கிற டிஸ்குக்கு 3.5 என்பது மாதிரி இருக்கும்; உங்க பைக்குக்கு என்ன எண்ணோ அதுதான் கணக்கு. இங்க ஒரு பொறி இருக்கு. தேய்ஞ்ச டிஸ்கின் ஓரத்தில் தேயாத விளிம்பு ஒண்ணு மிஞ்சும். வெர்னியர் அந்த விளிம்பில் உட்கார்ந்தா தடிமன் அதிகமா காட்டும். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு காசை உள்ளே தள்ளி வச்சு சேர்த்து அளந்து, காசுகளோட தடிமனைக் கழிச்சுக்கலாம். மைக்ரோமீட்டர் இருந்தா ரொம்ப நல்லது. சுத்தி எட்டு இடத்தில் அளந்து எழுதுங்க.

6. கடைசியா கோணல். டயல் கேஜோட காந்த அடி அலுமினிய ஃபோர்க்கில் ஒட்டாது. ஒரு கிளாம்ப் வேணும். கேஜ் இல்லையா? ஃபோர்க்கில் ஒரு கேபிள் டையை இறுக்கி, அதன் நுனி டிஸ்கைத் தொடாத அளவுக்கு வெட்டி, சக்கரத்தை மெல்ல சுத்துங்க. இடைவெளி கூடிக் குறையுறது தெரியும். கம்பெனியைப் பொறுத்து 0.1-லிருந்து 0.3 மி.மீ. வரைக்கும் அனுமதி உண்டு. மேனுவலில் பார்த்துக்கோங்க.

அறந்தாங்கியிலிருந்து கடற்கரைப் பக்கம் தினமும் வேலைக்குப் போற என் மச்சான் பைக்கில் இதே வரிசையில் பார்த்தேன். பட்டறையில் டிஸ்க் மாத்தச் சொல்லியிருந்தாங்க. கோணல் அனுமதிக்குள்ள. தடிமனும் போதுமான அளவு. ஆனா உள் பேட் தகடு வரைக்கும் தேய்ஞ்சிருந்தது, வெளி பேட் பாதிகூடத் தேயலை. மேல் பின் துருவேறி கையால அசைக்கவே முடியலை. பின்னைச் சுத்தம் பண்ணி, கிழிஞ்ச ரப்பர் பூட்டை மாத்தி, புது பேட் போட்டதும் தட்டு நின்னுடுச்சு. டிஸ்க் பழசேதான். "மாமா, அப்ப அவரு ஏமாத்தினாரா?"ன்னு கேட்டான். இல்லை. அரை மணி நேரம் அளந்து பார்க்க யாரும் கூலி குடுக்கிறதில்லை. பார்ட் மாத்தினாத்தான் பில் போட முடியும். அந்தப் பழக்கம்தான் தீர்ப்பு சொல்லுது.

சரி பண்றது

பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ்தான் போடணும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைக்கும். புது பேட் போட பிஸ்டனை உள்ளே தள்ளுறதுக்கு முன்னாடி, வெளியே தெரியுற பகுதியைச் சோப்புத் தண்ணியும் பல் பிரஷும் வச்சுச் சுத்தம் பண்ணுங்க. இல்லைன்னா அத்தனை அழுக்கும் சீலுக்குள்ள போகும். பிரேக் தூளைக் கம்ப்ரசர் காத்தில் ஊதாதீங்க. பேடில் என்ன கலந்திருக்குன்னு தெரியாது, நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணி போதும்.

டிஸ்கில் பேட் திட்டு ஒட்டியிருந்தா, நடுத்தர உப்புத்தாளை வச்சு ரெண்டு பக்கமும் சீரா தேய்ச்சு, பிரேக் கிளீனரோ ஐசோபுரொபைல் ஆல்கஹாலோ வச்சுத் துடைங்க. லேத்தில் குடுத்துக் கடைஞ்சு வாங்குறது கார் வார்ப்பிரும்பு டிஸ்குக்கு நடக்கிற வேலை. பைக் டிஸ்கில் மொத்தமே அரை மில்லிமீட்டர்தான் தேய இடம். கடைஞ்சா அது அங்கேயே போயிடும்.

வண்டியை நகர்த்துறதுக்கு முன்னாடி லீவர் கெட்டியாகுற வரைக்கும் பம்ப் பண்ணுங்க. மறந்தா முதல் தடவை லீவர் கைப்பிடி வரைக்கும் போகும், வண்டி நிக்காது. பிறகு காலியான ரோட்டில் 50-லிருந்து 10 கி.மீ. வரைக்கும் மிதமா வேகத்தைக் குறைங்க. முழுசா நிறுத்தாம, நடுவுல ஆற விட்டு, பத்துப் பதினஞ்சு தடவை. புது பேட் டிஸ்கில் சீரா படிய இதுதான் வழி.

டிஸ்கையே மாத்த வேண்டி வந்தா, ஹப்பில் டிஸ்க் உட்காருற முகத்தைத் துருவும் பெயின்ட்டும் இல்லாம துடைக்கணும். போல்ட் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ., டிஸ்க் விட்டம் 240 மி.மீ.ன்னு வைங்க. அடியில் 0.1 மி.மீ. துரும்பு இருந்தா ஓரத்தில் 0.24 மி.மீ. கோணல். புது டிஸ்கே முதல் நாள் "பெண்டு" ஆகிடும். போல்ட்டுகளை எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா, மேனுவல் சொல்ற டார்க்கில், த்ரெட்லாக் போட்டு இறுக்கணும். ஏபிஎஸ் பைக்னா பக்கத்தில் இருக்கிற சென்சார் வளையத்தில் அடிபடாம பார்க்கணும்.

ஆயில்

லீவர் தட்டாம, பஞ்சு மாதிரி அமுங்கினா டிஸ்கை விட்டுடுங்க. ஆயில் பழசு, இல்லை காத்து புகுந்திருக்கு. பிரேக் ஆயில் காத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயிலுக்குப் புதுசில் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி. ஈரம் ஏறினதுக்கு 155. மலை இறங்கும்போது கொதிச்சு ஆவியானா லீவர் சும்மா போகும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. இறங்கும்போது கியரைக் குறைச்சு இன்ஜினைப் பிடிக்க விடுங்க. மூடியில் என்ன எண் போட்டிருக்கோ அந்த ஆயில் மட்டும்தான். இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் சீல் ஊதிடும்.

இவ்வளவையும் நீங்களே செய்யணும்னு இல்லை. கருவியும் பழக்கமும் இல்லாதவங்க பிரேக்கில் கை வைக்காம இருக்கிறதே நல்லது. பட்டறையில் "டிஸ்க் மாத்தணும்"னு சொன்னா மூணு கேள்வி கேளுங்க: "அண்ணே, தடிமன் எவ்வளவு இருக்கு? பின் ரெண்டும் ஃப்ரீயா நகருதா? ரெண்டு பேடும் ஒரே மாதிரி தேய்ஞ்சிருக்கா?" பார்க்கிற நேரத்துக்குத் தனியா கூலி தர்றேன்னும் சொல்லிடுங்க. நல்ல மெக்கானிக் சந்தோஷமா கழட்டிக் காட்டுவார். மூணுக்கும் பதில் கிடைச்ச பிறகும் டிஸ்க்தான் காரணம்னு தெரிஞ்சா, தயங்காம மாத்துங்க. அதுவரைக்கும் முன் பிரேக் இல்லாம ஓட்டிச் சமாளிக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க.